ஏலத்துக்குப் போகும் முன்

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் பழைய கணினிகளின் மின்வழங்கிகள் ஏலத்துக்காகக் குவிந்து கிடக்கின்றன. அதே அறையில் ஒரு மாணவர், 13.8 வோல்ட் மின்வழங்கி ஒன்றை வாங்குவதற்கான கோப்பு நகர மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.

பழைய ஏடிஎக்ஸ் மின்வழங்கிகள் பலவற்றில் டிஎல்494 என்னும் சில்லு, வெளியீட்டின் ஒரு பங்கை 2.5 வோல்ட்டுடன் ஒப்பிட்டு மின்னழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. அப்பங்கைத் தீர்மானிப்பவை சில மின்தடைகளே. அவற்றில் ஒன்றைத் தக்கவாறு மாற்றினால் 12 வோல்ட் 13.8 ஆகிவிடும். ஆனால் பணி அத்துடன் முடிவதில்லை. 5 வோல்ட் வெளியீடும் உடன் உயரும். மிகையழுத்தக் காப்புச் சுற்று வெளியீட்டைத் துண்டிக்கக்கூடும். 16 வோல்ட் மின்தேக்கிகளின் பாதுகாப்பு இடைவெளி குறையும். காப்புச் சுற்றையே வெட்டி எறிவது குறுக்குவழி. புதிய அளவுக்கேற்ப அதைத் திருத்தியமைப்பதே பொறியியல்.

230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறி, ஏறத்தாழ 325 வோல்ட்டாக மின்தேக்கிகளில் தேங்குகிறது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் சிறிது நேரம் அது உயிரைப் பறிக்கவல்லது. இதைக் காட்டித்தான் நிறுவனங்கள் தடை விதிக்கின்றன. தடையால் மாணவர்கள் நின்றுவிடுவதில்லை; விடுதி அறையில், நள்ளிரவில், துணையின்றிச் செய்கிறார்கள். ஆபத்து குறையவில்லை, நம் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறது, அவ்வளவே.

எனவே, ஏலத்துக்குப் போகும் முன் சிலவற்றையேனும் பயிற்சி மேசைக்குக் கொண்டுவாருங்கள். தேக்கத்தை வெளியேற்றவும், அளந்து உறுதிசெய்தபின் தொடவும், அருகில் ஒருவர் நின்று கற்பிக்கட்டும்.