நடாமல் முளைத்த கன்று

மழைக்காலம் தொடங்கியதும் திருச்சியை அடுத்த எங்கள் திருவெறும்பூர் வட்டாரத்துப் பள்ளிகளிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் மரக்கன்று நடுவிழாக்கள் உற்சாகமாக நடைபெறுகின்றன. நட்ட கன்றுகளின் தொகை உடனே பிரசித்தமாகிவிடுகிறது. அவற்றுள் எத்தனை அடுத்த கோடையைத் தாண்டின என்பதை விசாரிப்பார் அரியர். மாநிலத்தின் பசும்பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் சங்கற்பத்துடன் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டிருப்பதால், இவ்விசாரணை இன்று மிக அவசியமாகிறது.

இதற்கு வழிகாட்டும் ஓர் உதாரணம் உண்டு. ஆனைமலையிலுள்ள வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களிடையே துண்டு துண்டாய் எஞ்சிய மழைக்காடுகளை, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டுவருகின்றனர். சாலையோரங்களில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, உலர்ந்தால் முளைப்புச் சக்தியை இழந்துவிடும் சுபாவமுடைய மழைக்காட்டு வித்துகளைத் தாமதமின்றி நாற்றங்காலில் இட்டு, உண்ணிச்செடிப் புதரை அகற்றிய இடத்தில் அந்நிலத்துக்கே உரிய பல இன மரங்களைக் கலந்து நட்டு, பிறகும் அவற்றைக் கைவிடாமல் ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதே அவர்களுடைய முறை. நிழல் விரும்பும் இனங்கள் மரநிழலிலேயே அதிகம் பிழைக்கின்றன என்பதும், நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் கடந்த இடங்கள், வெறுமனே விடப்பட்ட இடங்களைவிட மரவளத்திலும் இனவளத்திலும் மேம்பட்டிருந்தும், பழுதுறாத காட்டின் நிலையை இன்னும் எட்டவில்லை என்பதும் இவ்வாய்வுகள் காட்டிய உண்மைகள்.

மனிதன் நட்ட மரம் காட்டின் பூர்வாங்கம் மாத்திரமே. அம்மரம் காய்த்து, இருவாச்சியோ மரநாயோ அதன் கனியைத் தின்று, வேறோர் இடத்தில் விதையை உதிர்த்து, யாரும் நீரூற்றாமலே அங்கே ஒரு கன்று தலைதூக்கும்போதுதான் அந்நிலத்தைக் காடென்று அழைக்க நமக்கு நியாயம் பிறக்கிறது.

திருச்சிச் சமவெளிக்கு ஆனைமலையின் மரங்கள் ஆகா என்பது மெய்யே. ஆயினும், அண்டையிலுள்ள புதுக்கோட்டைக் கோயிற்காடுகளில் காசானும் வீரையும் உலக்கைப்பாலையும் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. வறட்சியைச் சகித்துப் பழகிய இத்தாய்மரங்களை விட்டுவிட்டு, எளிதில் கிடைக்கிறதென்பதற்காகவே ஓரிரண்டு அயல்மரங்களை எங்கும் நட்டுக்கொண்டு போவதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. இக்கோயிற்காடுகளின் விதைகளுக்கென ஒவ்வொரு வட்டத்திலும் நாற்றங்கால் அமைத்தல் வேண்டும். ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நடுவிழா நாளுக்குப் பிந்தைய ஐந்தாண்டுப் பராமரிப்புக்கென்றே பிரித்துவைத்து, அதன்பின் உயிரோடிருக்கும் மரங்களையும் அவற்றின் அடியில் தாமே முளைத்த கன்றுகளையும் எண்ணி, அந்தத் தொகையையே அரசு பிரசுரிக்க வேண்டும்.