செம்மேட்டுக்கு ஸ்டேபிளே போதும்

“டெபியன் இயங்குதளத்தில் ஸ்டேபிள் கிளை என்றாலே பழசு, கொல்லிமலைச் செம்மேட்டுப் பள்ளிக் கணினிகளிலும் டெஸ்டிங் கிளையையே போடுங்கள்” என்கிற வாதத்தை நான் ஏற்கவில்லை.

பழசு என்பது பாதி உண்மைதான். ஸ்டேபிளில் மென்பொருளின் பதிப்பு பெரும்பாலும் நகராது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். டெஸ்டிங்குக்கோ அவை பெரும்பாலும், புதுப் பொதிகள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளை வழியாகச் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் திட்டமிட்டு நுழைத்த பின்கதவு அம்பலமானபோது, அது டெஸ்டிங் வரை வந்திருந்தது. ஸ்டேபிளைத் தொடவில்லை. இதை மறந்துவிட்டு மாணவர்களின் கணினியைப் பற்றிப் பேசுவது சரியா?

டெஸ்டிங்கில் ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்ற புதுப்பிப்புக் கட்டளையைக் கொடுத்தால் சில நாட்களில் “இந்தப் பொதிகள் நீக்கப்படும்” என்று நீளமான பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப்பே இருக்கிறதா என்று பார்க்காமல் ‘ஒய்’ தட்டினால் மறுநாள் வகுப்பு கருப்புத் திரையோடுதான் தொடங்கும். சரிசெய்யத் தெரிந்தவர் நாமக்கல்லிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியர் தலையில் இதைக் கட்டுவது அநியாயம்.

புது வன்பொருளுக்கு ஸ்டேபிளின் கர்னல் போதாமல் போகலாம் என்பது நியாயமான கவலை. அதற்குத்தான் ஸ்டேபிளுக்கேற்ப புதுப் பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது: கர்னலையும் லிப்ரே ஆபிஸையும் மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தவிர, ஸ்டேபிளாக டெபியன் 13 வெளியானதே 2025 ஆகஸ்டில்தான்; அவ்வளவு பழசும் இல்லை. டெஸ்டிங்கைச் சோதிக்க ஆசைப்படும் மாணவருக்கு ஆய்வகத்தில் ஒரு கணினியைத் தனியாக ஒதுக்குங்கள். மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.