கல்விக்கு எடுத்த காசிலும் கைவைப்பதா?

தோழனே!

ஆவடியை நீ அறிவாய். 1955 சனவரியில் அங்கே பந்தலிட்டுக் கூடிய காங்கிரஸ் மாநாடு, 'சோஷலிச மாதிரிச் சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் தீட்டிற்று. அந்த ஆவடிக்கு மூன்றாவது இரயில் நிலையம் அம்பத்தூர். அங்குள்ள தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தோழர் ஒருவர், சென்ற வாரம் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். வருமான வரித்துறையின் நோட்டீசு! அதில் தமிழில் ஒரு வரி இல்லை. தமிழன்மேல் வரி இருந்தது!

என்ன குற்றம் செய்தார் அவர்? கள்ளக் கணக்கு எழுதினாரா? கப்பல் வாங்கி ஒளித்தாரா? ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தம் முடிந்தது. இவர் வேலை போயிற்று. மகளுக்கோ பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குக் கெடு வந்தது. மாதந்தோறும் கூலியிலே பிடித்துச் சேர்ந்த வைப்பு நிதியை எடுத்தார், கல்லூரியில் கட்டினார். அந்தப் பணம் அவர் வீட்டில் ஓரிரவுகூடத் தங்கவில்லை. "ஐந்தாண்டுத் தொடர் பணி நிறையுமுன் எடுத்தாய், ஆகவே அது வருமானம், ஏன் காட்டவில்லை?" என்று கேட்கிறது நோட்டீசு.

ஐந்தாண்டு! ஒப்பந்தத் தொழிலாளியை ஐந்தாண்டு ஒரே பட்டியலில் வைத்திருக்கும் முதலாளிகள் எத்தனை பேர்? அதே இயந்திரம், அதே எண்ணெய் வாடை, அதே தேநீர்க் கடை. ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும் மாறும். பெயர் மாறும்போதெல்லாம் பழைய கணக்கு அனாதையாகும். தொடரை அறுத்தவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் மற்றொருவனா?

வேடிக்கையை இன்னும் கேள். வரி என்று கணக்கிட்டால் அதன்மேல் நூற்றுக்கு 4 வீதம் செஸ் உண்டு. அதன் பெயர் சுகாதார, கல்விச் செஸ்! மகளின் கல்விக்கு எடுத்த பணத்தில், கல்வியின் பெயராலேயே பங்கு கேட்கிறார்கள். அதிலாவது மாநிலத்துக்குப் பங்கு உண்டா? அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவு, பங்கிடும் வரிகளிலிருந்து செஸ்ஸை விலக்கி வைத்திருக்கிறது. 1976இல் 42ஆம் திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போனார்கள். கல்வியின் பெயரால் வரும் காசும் தில்லியோடு நின்றுவிட்டது. 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களுக்கு அடிப்படை வரியை 30லிருந்து 22 ஆக இறக்கிய கருணை, கடைசல் பட்டறைக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டது போலும்!

"கட்டித் தொலைத்துவிடட்டுமா, தம்பி?" என்றார் தோழர்.

கூடாது என்றேன். நோட்டீசுக்குரிய ஆண்டுக்குப் பொருந்துவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதன் நான்காம் அட்டவணையில், முதற்பகுதியின் எட்டாம் விதியைப் படித்துக் காட்டினேன். உடல்நலக் கேட்டாலோ, முதலாளியின் தொழில் சுருங்கியதாலோ, நின்றுபோனதாலோ, தொழிலாளியின் கைக்கு மீறிய வேறு காரணத்தாலோ வேலை முடிந்தால், ஐந்தாண்டு நிறையாவிட்டாலும் விலக்கு உண்டு. முந்தைய நிதியைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்தக் காலமும் சேரும். தானாக வேலையை உதறியவருக்கு இந்த விலக்கு துணை வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் தோழர் உதறவில்லை, உதறப்பட்டார்! பிடிக்கும் விதியைப் பேசிய நோட்டீசு, விடுவிக்கும் விதியை விழுங்கிவிட்டது.

2016 பிப்ரவரி 29 அன்று, இனிச் சேரும் வைப்பு நிதியை எடுக்கும்போது நூற்றுக்கு 60 பங்குக்கு வரி என்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். மார்ச் 8 அன்று அவரே திரும்பப் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரலில், நிதியை எடுக்கத் தடை விதித்த ஆணையை எதிர்த்துப் பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சாலைக்கு வந்தனர், ஆணை பறந்தது.

ஒப்பந்தம் முடிந்ததற்கான கடிதம், வைப்பு நிதிக் கணக்கு ஏடு, கல்லூரி ரசீது மூன்றையும் இணைத்துத் தோழரின் பதிலை அனுப்பிவிட்டோம். ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இப்படி ஒரு நோட்டீசோடு எவரேனும் விழித்துக்கொண்டிருந்தால், உன் பகுதிப் படிப்பகத்தில் மாலையில் ஒரு மேசை போடு. கணினி அறிந்த கல்லூரி மாணவர் ஒருவரை அமர்த்து. நோட்டீசைக் கையில் வாங்கியதும், பதிலுக்குரிய கெடு நாளை முதலில் பார்.