தேளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, பிறகு?

தேள் யாரைக் கொட்டுகிறது? வைக்கோல் போரில் கைவிடுகிறவரை, வெறுங்காலுடன் வரப்பில் நடக்கிறவரை, செங்கல் அடுக்கும் பெண்ணை, மண் தரையில் உறங்கும் குழந்தையை. மாடி வீட்டைத் தேடி அது அபூர்வமாகத்தான் போகிறது. அதனால்தான் தேள் ஆராய்ச்சி நம் நாட்டில் இத்தனை காலம் தூங்கியதோ என்று நாம் சந்தேகப்படுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். போகாக் என்ற ஆங்கிலேயர் இந்தியத் தேள்களை வகைப்படுத்தி லண்டனில் நூல் வெளியிட்டது 1900-ல். நமது விலங்கியல் ஆய்வுத் துறைக்காக டிகாடரும் பஸ்தவாடேயும் அடுத்த பெரு நூலைக் கொண்டுவந்தது 1983-ல். இடையில் 83 ஆண்டுகள்! அதில் 36 ஆண்டுகள் வெள்ளையன் போன பிறகு கழிந்தவை.

"தேளை எண்ணினால் வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. கன்னங்கரேலென்ற நட்டுவாக்காலியைக் கண்டால் ஊரே அலறுகிறது. அது கொட்டினால் வலிக்கும். உயிர் போவது அரிது. விரல் நீளச் செந்தேளோ இருதயத்தைத் தாக்கி, நுரையீரலில் நீர் கோக்கச் செய்து, குழந்தைகளைக் கொன்றுவிடும். எது எது என்று பிரித்தறியும் விஞ்ஞானம்தான் வகைப்பாடு. அடிவயிற்றில் சீப்பு போலிருக்கும் உறுப்பின் பற்களை எண்ணுகிறார்கள். இடுக்கிகளில் உணர்மயிர்கள் எங்கெங்கே முளைத்திருக்கின்றன என்று குறிக்கிறார்கள். இப்போது மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். புற ஊதா விளக்கில் தேள் பச்சையாய் ஒளிர்வதால் இரவில் தேடுவதும் சுலபமாகிவிட்டது. உலகில் பெயர் பெற்ற தேளினங்கள் 2,500-ஐத் தாண்டிவிட்டன. (வளையைக் காட்டிக் கொடுத்த கூலிக்காரர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.)

செந்தேளுக்கு 1798-ல் பெயர் வைத்தவர் டென்மார்க்கு விஞ்ஞானி ஃபப்ரீசியஸ். 'தமுலஸ்' என்றார், தமிழுக்கு லத்தீனில் வழங்கிய சொல் அது! அதன் பேரினப் பெயர் பலமுறை மாறி, 2007-ல் ஹொட்டென்டோட்டா என்று நின்றது. பெயர்தான் மாறிற்று, வைத்தியம் மாறவில்லை. 1980-களில்தான் மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்தக் கொதிப்புக்கான பிரசோசின் மாத்திரையைச் செந்தேள் கடிக்குக் கொடுத்து உயிர்களைக் காத்தார். விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுவதை அவரது 2011-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

அந்த முறிவு மருந்து செந்தேளின் நஞ்சைக் கொண்டே தயாராகிறது. ஆனால் கொங்கணத்துச் செந்தேளின் நஞ்சும் தக்காணத்துச் செந்தேளின் நஞ்சும் ஒன்றுபோல் இல்லை. ஒரே பெயருக்குள் எத்தனை இனங்கள் மறைந்திருக்கின்றன என்பதைக் கண்டறிவது வெறும் பொழுதுபோக்கா?

மாவட்டந்தோறும் தேள்களைச் சேகரித்து இனம் காண ஆட்களை நியமிக்க வேண்டும். கொட்டுப்பட்டவர் கையோடு கொண்டுவரும் தேளைக் குப்பையில் எறியாமல், ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிச் சாராயப் புட்டியில் போட்டு ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

பிரசோசினும் விலை உயர்ந்த மருந்தல்ல. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இருக்கிறதா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்கும்படி வாசகத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.