வெள்ளாட்டுக் குட்டிக்குக் கொம்பு சுடலாமா?

பரண் அமைத்துக் கொட்டிலில் ஆடு வளர்ப்போர் பெருகியதிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. குட்டிகளுக்குக் கொம்பு சுட வேண்டுமா, வேண்டாமா? சுடுவதென்றால் எப்போது, எப்படி? கன்றுக்குச் செய்வதைக் குட்டிக்கும் செய்யலாம் என்று எண்ணிச் சிலர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துக் குட்டியையே இழந்துவிடுகிறார்கள். வேறு சிலர் நாலைந்து மாதம் வாளாவிருந்துவிட்டு, கிடா முட்டத் தொடங்கியதும் ரம்பத்தைத் தேடுகிறார்கள். இரண்டும் தவறான வழிகள். கொம்பைச் சுடுவதா விடுவதா என்பது ஆடு முட்டும்போது எடுக்கும் முடிவு அல்ல. தாய் ஆடு சினையாக இருக்கும்போதே எடுத்து முடிக்க வேண்டிய முடிவு.

கொம்பால் என்ன பயன்?

கொம்பு வெறும் அலங்காரம் அன்று. அதன் உட்பகுதியில் இரத்த ஓட்டம் மிகுதி. உடல் சூட்டை வெளியேற்றவும் அது ஓரளவு உதவுகிறது. கரிசல் காட்டு வெயிலில் நாள் முழுதும் மேயும் கன்னி ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும், மேற்கு மாவட்டங்களின் சேலம் கருப்பு ஆட்டுக்கும் இது சிறிதாயினும் உதவியே. தெரு நாய் மறிக்கும்போது ஆட்டுக்குள்ள ஒரே ஆயுதமும் கொம்புதான்.

விற்பனையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்ரீத் பெருநாளுக்குக் கிடா வாங்குவோரும், கோயிலுக்கு நேர்ந்துகொண்டு கிடா தேடுவோரும் ஊனமில்லாத ஆட்டையே விரும்புவார்கள். கொம்பு அறுந்தோ அரைகுறையாக வளர்ந்தோ நிற்கும் கிடாவைக் கண்டால் தயங்குவார்கள். நல்ல கொம்புள்ள கிடாவைக் குட்டியிலேயே மொட்டையாக்கிவிட்டுச் சந்தையில் விலை குறைகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆகவே ஐந்து பத்து ஆடுகளை மேய்ச்சலில் வளர்க்கும் சிறு விவசாயிக்குக் கொம்பு சுடும் வேலையே தேவையில்லை. இறைச்சிக்காக ஓராண்டுக்குள் விற்றுவிடும் கிடாக்குட்டிக்கும் தேவையில்லை. விற்கும் நாளுக்குள் அதன் கொம்பால் வரும் தொல்லை சிறிது. சுடுவதால் வரும் ஆபத்து பெரிது.

யாருக்குத் தேவைப்படலாம்?

பாலுக்காகக் கொட்டிலில் அடைத்து வளர்க்கும் பெட்டை ஆடுகளின் நிலை வேறு. குறுகிய இடத்தில் ஒன்றையொன்று முட்டும்போது மடியில் காயம் படும், கண் போகும், சினை ஆட்டின் விலாவில் இடி விழுந்தால் கரு கலையவும் கூடும். கம்பி வலைக்குள் தலையை நுழைத்துவிட்டுக் கொம்பு மாட்டி, இழுக்க முடியாமல் கிடந்து ஆடு சாவதும் உண்டு. சிறு பிள்ளைகள் ஆட்டோடு புழங்கும் வீடுகளில் அவர்களுடைய முகத்துக்கும் கண்ணுக்கும் ஆபத்து. இத்தகைய பண்ணையில் கொம்பு நீக்குவதில் நியாயம் உண்டு. ஆனால் செய்வதென்றால் மந்தை முழுவதற்கும் செய்ய வேண்டும். கொம்புள்ளதும் கொம்பில்லாததும் ஒரே கொட்டிலில் இருந்தால் கொம்பில்லாத ஆடே எப்போதும் அடி வாங்கும், தீவனத்திலும் பின்தங்கும்.

சுடுமுன் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். முட்டல் மிகுதியாக இருந்தால் பல சமயம் குற்றம் கொம்பில் இல்லை. இட நெருக்கடியில் இருக்கிறது. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி இடமும், தீவனத் தொட்டியில் 40 முதல் 50 சென்டிமீட்டர் நீளமும் கொடுத்துப் பார்க்கலாம். கிடாக்களைத் தனியே பிரித்துக் கட்டலாம். தலை நுழைய முடியாத சிறு கண் வலையை அடிக்கலாம். கூரான கொம்பு நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். இவற்றிலேயே தொல்லை தீர்ந்துவிட்டால் இரும்பைக் காய்ச்ச வேண்டியதில்லை.

எப்போது?

குட்டியின் கொம்பு கன்றின் கொம்பைவிட விரைவாக வளரும். பிறந்த நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சுடுவதே உகந்தது. கிடாக்குட்டிக்குக் குருத்து முன்னதாகவே தடிக்கும். ஆகவே ஐந்து நாளுக்குள் செய்வது நல்லது. இரண்டு வாரம் கடந்தால் குருத்தின் அடி அகன்றுவிடும். சுட்டாலும் முழுதாக அழியாது. எஞ்சிய வேர் கோணல் மாணலாக வளர்ந்து சில ஆடுகளில் தலைத் தோலையே குத்தும்.

எல்லாக் குட்டிக்கும் கொம்பு வரும் என்றும் சொல்ல முடியாது. நெற்றியின் இரு புறமும் முடி இரண்டு சுழியாகச் சுழன்று, அதனடியில் தோல் நகராமல் கெட்டியாக இருந்தால் கொம்பு வரும். இரட்டைச் சுழி இல்லாமல், தோலும் எளிதாக நகர்ந்தால் அது மோழைக் குட்டி. அதைச் சுட வேண்டியதே இல்லை.

எப்படி?

கன்றுக்கும் குட்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு மண்டை ஓட்டில் இருக்கிறது. பிறந்த குட்டியின் மண்டை ஓடு மிக மெல்லியது. குருத்துக்குக் கீழே மூளை நெருங்கி இருக்கிறது. கன்றுக்குப் பத்துப் பதினைந்து விநாடி இரும்பை வைப்பதுபோல் குட்டிக்கும் வைத்தால் சூடு மூளையை எட்டும். குட்டி உடனே சாகலாம். அல்லது நாலைந்து நாள் கழித்துப் பால் குடிக்காமல், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, வட்டமிட்டுச் சுற்றி, வலிப்பு வந்து சாகலாம். நோய் என்று நினைத்து மருந்து தேடும்போது காரணம் இரும்பு என்பது தெரிவதில்லை.

ஆகையால் இந்த வேலை கால்நடை மருத்துவர் கையால் நடக்க வேண்டும். குருத்தின் உணர்ச்சி மரத்துப் போக ஊசி போட்ட பிறகே சுட வேண்டும். வெள்ளாட்டில் ஒவ்வொரு கொம்புக்கும் இரண்டு நரம்புகள் செல்வதால் மொத்தம் நான்கு இடத்தில் மருந்து போட வேண்டும். ஆனால் இரண்டரைக் கிலோ குட்டிக்கு இரண்டு சத வீத லிக்னோகெயின் மருந்து நான்கு இடத்துக்கும் சேர்த்துச் சுமார் அரை மில்லிதான் தாங்கும். அளவு மிஞ்சினால் ஊசியே குட்டியைக் கொன்றுவிடும். கடையில் மருந்து வாங்கித் தாமே போட முனைவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்தே உணரலாம்.

முடியைக் கத்தரித்து, நன்றாகச் சூடேறிய கருவியைக் குருத்தின்மேல் மூன்று நான்கு விநாடி மட்டும் வைத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். குருத்தைச் சுற்றித் தாமிர நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் தோல் ஆறும்வரை பொறுத்து மீண்டும் ஒரு முறை வைக்கலாம். ஒரே மூச்சில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. வலி குறைக்கும் மருந்தும், ரண ஜன்னி வராதிருக்க ஊசியும் மருத்துவர் போடுவார். தாய் ஆட்டுக்குச் சினையின் கடைசி மாதத்தில் ரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும். முடிவைச் சினைக் காலத்திலேயே எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுட்டவுடன் குட்டியைத் தாயிடம் விட்டுப் பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். காயத்தில் ஈ மொய்க்காமல் காத்தால் சில வாரத்தில் பொருக்கு தானே உதிரும். மழை நாளிலும் ஈ மிகுந்த காலத்திலும் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது.

செய்யக் கூடாதவை

காஸ்டிக் குச்சியும் பசையும் குட்டிக்கு ஆகா. குட்டிகள் ஒன்றோடொன்று உரசும். தாயின் மடியில் தலையை இடிக்கும். காரம் கண்ணில் வழிந்தால் குட்டி குருடாகும். மடியில் பட்டால் தாய்க்குப் புண்ணாகும். கொம்பின் அடியில் ரப்பர் வளையம் மாட்டுவது வாரக்கணக்கில் வலி தரும் வேலை. வளர்ந்த ஆட்டின் கொம்பை ரம்பத்தால் அறுப்பது எல்லாவற்றிலும் கொடியது. வெள்ளாட்டின் நெற்றி எலும்பிலுள்ள காற்றறை கொம்புக்குள்ளும் செல்கிறது. அறுத்தால் தலையில் துளை திறந்துகொள்ளும், இரத்தம் பீறிடும், புழு வைக்கும். கொம்பு உடைந்தோ தோலைக் குத்தியோ வேறு வழியில்லை என்றால் மட்டும், மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் செய்ய வேண்டிய அறுவை அது.

கொம்பில்லாத இனமாகவே பெருக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மோழைக் கிடாவை மோழைப் பெட்டையோடு சேர்த்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிகளில் சில ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலடாகிவிடும். மோழைத் தன்மையைத் தரும் மரபணுக் குறையே இதற்கும் காரணம் என்பது 2001ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் வெளியாயிற்று. சானன், ஆல்பைன் போன்ற ஐரோப்பியக் கறவை இனங்களில் இது நன்கு அறியப்பட்ட சங்கதி. மோழை ஆடு வைத்திருப்போர் இணை சேர்க்கும் கிடாவாவது கொம்புள்ளதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

ஈற்றுக்கு இரண்டு குட்டி கிடைக்கும் வீட்டில் ஒன்று செத்தால் அந்த ஈற்றின் வரவில் பாதி போயிற்று. ஆகவே மேய்ச்சல் ஆட்டுக்கும் இறைச்சிக் கிடாவுக்கும் கொம்பை விட்டுவிடுவதே சரி. கொட்டிலில் கறவைக்கென வளர்க்கும் குட்டிக்கு வேண்டும் என்று தோன்றினால், ஆடு ஈனுமுன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லி வைத்து, பத்து நாளுக்குள் மருத்துவர் கையால் செய்துகொள்ளலாம். அந்த நாள் தவறிவிட்டாலோ, மருத்துவர் கிடைக்காவிட்டாலோ, ஆடு கொம்போடு வளரட்டும். கொட்டிலை அகலமாக்குவது அதன் தலையைச் சுடுவதைவிட எளிது.