சேர்த்த செல்வம் வீணாகலாகாது

2025-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள் வெளியாயின. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் அனுப்பிய தகவல்களின் முதல் தொகுதியை, 6-ந் தேதியன்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உலக விஞ்ஞானிகளின் உபயோகத்துக்குத் திறந்துவிட்டது. 9-ந் தேதியன்று, இந்திய மக்கள் 10,000 பேரின் மரபணு விவரங்களை ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கும் ஏற்பாட்டைப் பிரதமர் துவக்கி வைத்தார். இரண்டிலும் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆதித்யாவின் தகவல்கள் இந்நகருக்கு அருகே பையலாலுவில் உள்ள மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மரபணுத் திட்டத்தை ஒருங்கிணைத்து நடத்தியது, இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம்.

இவ்விரண்டும் பாராட்டத்தக்கவை. ஆயினும் நாட்டில் நடைபெறும் எல்லா ஆராய்ச்சிகளுக்கும் இந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை என்பது வேதனைக்குரியது. மக்களின் வரிப்பணத்தில் ஆண்டுக்கணக்கில் அளந்தும், படமெடுத்தும், பரிசோதித்தும் சேர்த்த விவரங்கள், பல இடங்களில் ஏதோ ஒரு மாணவரின் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. அவர் டாக்டர் பட்டம் பெற்று வெளியேறியதும், எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கட்டுரை அச்சாகிறது, அதற்கு ஆதாரமான விவரமோ மறைந்து போகிறது. பின்னால் வருபவர், அதே அளவீட்டை அதே செலவில் மீண்டும் செய்ய வேண்டியதாகிறது.

ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி அடுக்கினால் மட்டும் இக்குறை தீராது. எது எங்கே இருக்கிறது, யார் எப்போது சேர்த்தது, எந்தக் கருவியால் அளந்தது, அதன் பின்னர் யார் திருத்தியது என்பதையெல்லாம் பிழையின்றிக் குறித்து வைக்கும் சாப்ட்வேர்கள் தேவை. ஒவ்வொரு தொகுப்புக்கும் மாறாத அடையாள எண் தருவது, ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும்படி பல ஊர்களில் பிரதிகளை வைப்பது, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக் கொடுப்பது, பார்க்க உரிமை உள்ளவருக்கு மட்டும் கதவைத் திறப்பது ஆகியவை இவற்றின் பணிகள். சுருங்கச் சொன்னால், நல்ல நூலகர் ஒருவர் புத்தகங்களுக்குச் செய்வதை இவை ஆராய்ச்சி விவரங்களுக்குச் செய்கின்றன.

ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் அணு ஆராய்ச்சி நிலையம் இதற்குச் சிறந்த உதாரணம். அங்கு துகள்களை மோதவிட்டுப் பெறும் விவரங்களை ஒரே இடத்தில் வைத்து ஆராய முடியாது. ஆகவே அவை 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 கம்ப்யூட்டர் மையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. பம்பாயின் டாடா ஆராய்ச்சி நிலையமும், கல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் சேர்ந்தவை. இத்தனை கோப்புகளையும் கணக்கு வைத்து இடம் மாற்றுவதற்கென அட்லஸ் பரிசோதனைக் குழுவினர் ரூசியோ என்ற சாப்ட்வேரை உருவாக்கினர். டான் குயிக்ஸாட் கதையில் சாஞ்சோ பான்சாவைச் சுமக்கும் கழுதையின் பெயர் அது. பெயருக்கேற்பச் சுமை தாங்கும் அந்தச் சாப்ட்வேர், நூற்றுக்கணக்கான பெட்டாபைட் விவரத்தை நிர்வகிக்கிறது. ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிகாபைட். அதை எவரும் இலவசமாக எடுத்துக் கையாளலாம் என்பதால், வேறு பல பரிசோதனைக் குழுக்களும் அதையே மேற்கொண்டுள்ளன.

கவனக்குறைவின் விலை என்ன என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2021 டிசம்பரில், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்துப் பெரிய கம்ப்யூட்டரில், பிரதி எடுத்துக் காக்க வேண்டிய புரோகிராமே பிழையால் கோப்புகளை அழித்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட் விவரம், 14 ஆராய்ச்சிக் குழுக்களின் உழைப்பு அழிந்தன. அவற்றுள் நான்கு குழுக்களுடையதை மீட்கவே இயலவில்லை. 2020-ல் பிரிட்டனில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய வகைக் கோப்பைப் பயன்படுத்தியதால், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் வராமல் போயிற்று. அவர்களுடன் பழகியவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போகவில்லை. பணக்கார நாடுகளுக்கே இந்த நிலை என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்?

முறையாகக் காத்தால் கிட்டும் பலனுக்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கொடைக்கானல் மலையில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் இருந்த அப்படங்களைப் பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் கழகம் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகுக்கு வழங்கியுள்ளது. நூறாண்டுக்கும் மேலான சூரியனின் வரலாற்றை இன்று எந்த நாட்டு மாணவரும் ஆராயலாம். ஆதித்யாவின் முக்கியக் கருவியைச் செய்ததும் இதே கழகம்தான் என்பதால், தாத்தாவின் குறிப்பும் பேரனின் குறிப்பும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கின்றன.

மற்றொரு சான்று புரதங்களைப் பற்றியது. புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியம் 1971-ல் அமெரிக்காவில் ஏழே ஏழு வடிவங்களுடன் தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. யாருக்கும் கட்டணம் கிடையாது. அதில் சேரும் ஒவ்வொரு புரத வடிவமும் சரியானதா என்று சோதிக்கும் அளவுகோல்களில் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-ல் ஜி.என்.ராமச்சந்திரனும் அவர் சகாக்களும் வெளியிட்ட வரைபடமாகும். பின்னாளில் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து தனித்துறை கண்டவர் அவர். அந்தக் களஞ்சியத்தைப் பாடமாகக் கொண்டு பயின்ற கம்ப்யூட்டர் முறைதான், புரத வடிவத்தை முன்கூட்டிக் கணித்து, 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. ஐம்பது ஆண்டுகளாகப் பல நாட்டார் பொறுமையாகச் சேர்த்து, ஒழுங்காகப் பராமரித்து, ஒளிக்காமல் கொடுத்திராவிட்டால் அந்தச் சாதனை நடந்திருக்குமா?

பகிர்ந்து கொள்வதற்கு ஆட்சேபம் சொல்வோரும் இருக்கிறார்கள். வெயிலில் அலைந்து விவரம் சேர்ப்பவர் ஒருவர், பெரிய கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டு முந்திக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்குபவர் இன்னொருவரா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சேகரித்தவருக்குக் குறிப்பிட்ட காலம் தனி உரிமை அளித்து, அதன் பின்னர் பொதுவில் வைப்பதே இதற்குப் பரிகாரம். தொகுப்பைப் பயன்படுத்துவோர் சேகரித்தவரின் பெயரைக் குறிப்பிடுவதையும் கட்டாயமாக்கலாம். மரபணு விவரங்களிலோ மேலும் எச்சரிக்கை வேண்டும். ஒருவரின் பெயரை நீக்கிவிட்டாலும், அவருடைய மரபணு அவரையும் அவர் குடும்பத்தாரையும் காட்டிக் கொடுத்துவிடக் கூடும். ஆகவே அவற்றை விண்ணப்பத்தின் பேரில், காரணத்தை ஆராய்ந்து வழங்குவதே முறை. ரத்தம் கொடுத்த மக்களின் நம்பிக்கை ஒரு முறை பறிபோனால் திரும்ப வராது.

மத்திய அரசு இத்துறையில் சும்மா இருக்கவில்லை. அரசின் தகவல்களைப் பகிர்வதற்கான கொள்கை 2012-ல் வந்தது. உயிரியல் விவரங்களைப் பகிர்வதற்கான வழிமுறைகள் 2021-ல் வெளியிடப்பட்டன. அடுத்த ஆண்டே பரீதாபாத்தில் சுமார் நான்கு பெட்டாபைட் கொள்ளும் உயிரியல் தகவல் மையம் திறக்கப்பட்டது. கொள்கைக்குக் குறைவில்லை, நடத்த ஆளும் நிதியும்தான் குறைவு. கட்டடம் திறப்பதில் காட்டும் உற்சாகத்தை, அதற்குள் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய பராமரிப்பில் காண முடிவதில்லை.

நாம் வற்புறுத்துவது இவைதாம். ஆராய்ச்சிக்கு மானியம் கேட்பவர், கிடைக்கும் விவரத்தை எப்படிக் காத்து எப்படிப் பகிர்வார் என்ற திட்டத்தையும் விண்ணப்பத்துடன் தர வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகங்கள் 2023 ஜனவரி முதல் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. திட்டத்தைக் கேட்டால் மட்டும் போதாது. அதற்கான செலவை மானியத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் தகவல் காப்பாளர் பதவிகளை நிரந்தரமாக ஏற்படுத்தி, விஞ்ஞானிக்கு நிகரான சம்பளமும் பதவி உயர்வும் தர வேண்டும். நல்ல தகவல் தொகுப்பை உருவாக்கியவருக்கு, கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் மதிப்பு கிடைக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் தரமான சாப்ட்வேர்கள் இருக்க, நிலையத்துக்கு ஒன்றாகப் புதிது புதிதாய்ச் செய்து, செய்தவர் போனதும் கைவிடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

காலம் தாழ்த்த இடமில்லை. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உருவாகிவரும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கியில் இந்தியா 1,250 கோடி ரூபாய் செலவில் பங்கு கொள்கிறது. அது முழு அளவில் இயங்கும்போது ஆண்டுக்கு சுமார் 700 பெட்டாபைட் விவரம் சேமிப்புக்கு வரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நம் பங்கை வாங்கி வைத்து ஆராயும் ஆற்றல் இல்லையெனில், பணம் கொடுத்தும் பார்வையாளராகவே நிற்போம்.

உலகத்து வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் சாப்ட்வேர் எழுதித் தரும் நகரம் இது. நம் வாசகர்களின் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அதே நகரத்தின் ஆராய்ச்சிக் கூடங்களில் விவரங்களைக் காக்கத் திறமையான ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு எழலாகாது. திறமை இங்கேயே இருக்கிறது. அதற்கு உரிய இடத்தையும் ஊதியத்தையும் தர அரசு முன்வருமா என்பதே கேள்வி.