பாவும் ஊடையும் மின்னலையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யான் ஆண்டெனா எனப்படும் அலைக்கம்பியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், பௌதிக நூலிற் காணும் ‘மின்புலத் தளம்’, ‘காந்தப்புலத் தளம்’ என்னும் தொடர்கள் மாணவர்க்கு விளங்காமைக்குக் காரணம் தமிழின் வறுமையன்று, விளக்குவோர் நம் தெருவை நோக்காமையே என்பது என் துணிபு. தறிவீட்டிற் பிறந்த பிள்ளையும் ‘ஈ பிளேன்’, ‘எச் பிளேன்’ என உருப்போட்டுத் தேறுகின்றான். பொருள் வினவின் வாய் திறவான்.

ஆரணியிற் பட்டுத்தறியருகே நின்றார் எவரும் நெடுக நீண்ட பாவையும் குறுக்கே ஓடும் ஊடையையும் அறிவர். மின்புலத்தைப் பாவின் திசையிலும், காந்தப்புலத்தை ஊடையின் திசையிலும் கொள்க. அலையோ, நெய்த துணியை நேரே துளைத்துச் செல்லும் ஊசிபோல் இரண்டிற்கும் செங்குத்தாகச் செல்லும். அலைக்கம்பி மிகுந்த வலிமையோடு அலைவீசும் திசையே ஊசியின் வழி. அவ்வழியையும் பாவின் திசையையும் ஒருங்கே கொண்ட தளம் மின்புலத் தளம். அவ்வழியையும் ஊடையின் திசையையும் கொண்டது காந்தப்புலத் தளம். இழைகள் பின்னுதல்போலப் புலங்கள் பின்னுவதில்லை. உவமை திசையளவில் நிற்பது.

நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கம்பியை நோக்குக. அதன் மின்புலத் தளம் நிலைக்குத்தானது. அதில் அலைவலிமையை வரைந்தால் படுத்த 8 தோன்றும், கம்பியின் முனைகளை நோக்கி அலை செல்லாமையின். காந்தப்புலத் தளமோ தரைக்கு இணையானது. அதில் எப்பக்கமும் ஒத்த வட்டமே.

1888-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், ஒரு சட்டத்திற் கம்பிகளைப் பாவிழைபோல் இணையாக நீட்டி அலையின்முன் நிறுத்தினார். கம்பிகள் மின்புலத்தின் திசையில் நின்றபோது அலை தடையுண்டது. சட்டத்தைக் கால்வட்டம் திருப்பியதும் கடந்து சென்றது. முன்னதில் கம்பி நெடுகிலும் மின்னோட்டம் எழுந்து அலையைத் திருப்பிவிடுகின்றது. பின்னதில் அவ்வோட்டத்திற்கு நீளமில்லை. வேலியிடுக்கை நினைந்து நேர்மாறாக எதிர்பார்த்தேன், பிழைத்தேன்.

இவ்வாறு நூலிழையைக் கொண்டு மின்னலையை ஆராய்தல் நம் நாட்டிற்கும் புதிதன்று. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் முறுக்கிய சணற் கற்றைகளினூடே மின்னலையைச் செலுத்தி, மின்புலத்தின் திசை திரும்புவதைக் கண்டு 1898-இல் வெளியிட்டார். வங்கத்துச் சணல் ஆய்வுக்கூடம் புகுந்தது. ஆரணித் தறியைப் பாடநூலிற் புகவிட நம் ஆசிரியர்க்குத் தடையாய் நிற்பது யாது?